மேடைக்கு எதிரே இருப்பவர்களின் பங்கு

வேலு நாச்சியாரின் வாழ்க்கை, இசையும் நாட்டியமும் வாள்வீச்சும் கலந்த முழு நாடகமாக நம் காலத்தில் மேடை கண்டிருக்கிறது. ஸ்ரீராம் சர்மா இயக்கிய அந்த நாடகத்தைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் சென்னை கலைவாணர் அரங்கில் நடத்தியது. முதலமைச்சர் தொடங்கிவைத்தார். பிறகு வேறு பெருநகரங்களுக்கும் அது போனது. சிவகங்கைச் சீமையின் அரசியைத் தலைநகரத்து மக்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள், கைதட்டினார்கள். நல்ல காரியம். அந்தக் கதையோ, அதைப் போல இந்த மண்ணில் விளைந்த இன்னொரு கதையோ கண்டனூர்க் கோயில் திடலுக்கு வந்து இறங்கினால் நாம் அதை எப்படிப் பார்ப்போம்? இதை நம் ஊர் மக்கள் அத்தனை பேரும் கூடி யோசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

காளையார்கோவில் நமக்குத் தூரத்து ஊரல்ல. காரைக்குடிக்குப் போய் ஒரு பேருந்து மாறினால் போதும். அங்கேதான் 1772இல் ஆங்கிலேயக் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் வந்து, வேலு நாச்சியாரின் கணவர் முத்துவடுகநாதரைக் கொன்றன. மகளை அழைத்துக்கொண்டு விருப்பாட்சிக்குப் போன அரசி, எட்டு ஆண்டுகள் காத்திருந்து, ஹைதர் அலியின் உதவி பெற்று, 1780இல் சீமையை மீட்டார். மருது சகோதரர்களின் சிறுவயல் நமக்கு இன்னும் பக்கம். சென்னையில் இந்தக் கதையைப் பார்ப்பவருக்கு அது வரலாறு. இங்கே பார்ப்பவருக்கு அது பாட்டி சொன்ன கதை, குலதெய்வத்துக் கதை, பக்கத்து வயலின் கதை. கண்ணில் நீர் வருவதும் இங்கேதான் சீக்கிரம். கோபம் வருவதும் இங்கேதான் சீக்கிரம்.

நாடகம் நமக்குப் புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துப் போன வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் இன்றும் நம் பகுதித் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. சுவாமிகள் 1922இல் மறைந்தார். நூறு ஆண்டுகள் தாண்டியும் அவர் பாட்டைப் பாடி ஒரு கூட்டம் சோறு சாப்பிடுகிறது என்றால், அதில் நாடகக்காரர்களின் உழைப்பு பாதி. மீதிப் பாதி, தார்ப்பாய் விரித்து உட்கார்ந்த நம் ஊர் மக்களின் பொறுமை.

இப்படி விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். அதற்கு நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஏஜெண்ட் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்துத் தேதி எழுதுகிறார். ஒத்திகை இல்லை. ஒப்பனைக் கொட்டகையில் சந்திக்கிறார்கள், பவுடர் பூசிக்கொண்டே நாலு வார்த்தை பேசுகிறார்கள், மேடையேறுகிறார்கள். ஆர்மோனியக்காரர் பெட்டியைத் திறந்து சுருதி சேர்த்தால் இரவு தொடங்கிவிடும். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும்போது யார் எந்தக் கேள்வியைப் போடுவார், எதிராளி எந்தப் பாட்டால் மடக்குவார் என்று இருவருக்குமே முன்கூட்டித் தெரியாது. எதிரே இருக்கும் கூட்டம் காது கொடுத்தால் தர்க்கம் ஒரு மணி நேரம் வளரும். கூட்டம் சலித்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு போவார்கள். பார்ப்பவரின் ரசனை அந்த இடத்திலேயே நாடகத்தை நீட்டுகிறது, சுருக்குகிறது, உயர்த்துகிறது, கெடுக்கிறது. வேறு எந்தக் கலையிலும் பார்ப்பவருக்கு இவ்வளவு அதிகாரம் இல்லை.

அந்த அதிகாரத்தை இன்று எப்படிச் செலவழிக்கிறோம்? பபூனும் நடனப் பெண்ணும் ஆடி முடிக்கும் வரை திடல் நிறைந்திருக்கிறது. முருகன் வரும் நேரத்தில் முன்வரிசையே பாதி காலி. இருப்பவர்களில் சிலர் சினிமாப் பாட்டுக் கேட்டுச் சத்தம் போடுகிறார்கள். ஸ்திரீபார்ட் உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போது மைக் நடுவில் பறிபோகிறது: இன்னார் மகன் இன்னார், வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர், ராஜபார்ட்டுக்கு ஐந்நூற்றொரு ரூபாய் அன்பளிப்பு. நடிகர் வேஷத்தை விட்டு இறங்கிக் கும்பிட்டு, கொடுத்தவர் குடும்பத்தை வாழ்த்திப் பாடி, பிறகு விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கொடுக்கும் மனசு பெரிது, அதைக் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பணம் நடிகருக்குத் தேவையும்கூட. காட்சி முடிந்து திரை விழுந்ததும் பெயர்களைச் சேர்த்து வாசித்தால் யாருக்கும் மதிப்புக் குறையாது. விழாக் கமிட்டி இந்த ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாலே நாடகம் பாதி பிழைத்துவிடும்.

மேடையில் நிற்கும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளத்தூர் நமக்குப் பக்கத்து ஊர். அங்கே வளர்ந்து, சிறுமியாக மேடையில் பாடத் தொடங்கி, ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பெயர் வாங்கியவர்தான் பின்னாளில் தமிழகமே ஆச்சி என்று கூப்பிட்ட மனோரமா. அவரைப் பற்றிப் பேசும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் இன்று நம் திடலில் ஆட வரும் பெண்ணைப் பார்த்து, குடித்துவிட்டு மேடை விளிம்புக்கு வந்து நின்று வாய்க்கு வந்ததைச் சொல்பவரை யாரும் தட்டிக் கேட்பதில்லை. போலீஸ்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுகிறோம். ஓர் ஊருக்கு இரண்டு காவலர் வந்தால் அதிகம். அந்த மனிதரின் அண்ணனும் மாமனும் அதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எழுந்து தோளில் கை வைத்து அழைத்துப் போனால் வேலை முடிந்தது. நாடகம் முடிந்த பிறகு அந்தப் பெண்கள் உடை மாற்ற மறைவான இடமும், கழிப்பறையும், முதல் பேருந்து வரும் வரை பத்திரமாக உட்கார ஒரு திண்ணையும் வேண்டும். எத்தனையோ வளவு வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஊர்களில், ஒரே ஒரு வீட்டின் முகப்பை ஒரு ராத்திரிக்குத் திறந்து விடுவது பெரிய உபகாரமாகாது. அதைச் செய்ய மனமுள்ள ஆச்சிமார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். போய்க் கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

அடுத்தது சாதி. வேலு நாச்சியார் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் சுவரொட்டிகளில் எழுகிறது. அவர் கதை மேடையேறும் இடத்திலும் அந்தக் கேள்வி வந்து உட்காரும் என்ற அச்சம் கமிட்டிக்காரர்களுக்கு உண்டு, அதனாலேயே வம்பில்லாத வள்ளி திருமணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிட முடியாது. சண்டை வந்தால் வழக்குக்கு அலைபவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அரசியோடு அலைந்து, உதவி கேட்டு ஓலை எழுதியவர் பிரதானி தாண்டவராய பிள்ளை. அடைக்கலம் கொடுத்தவர் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர். படைபலம் தந்தவர் மைசூர் ஹைதர் அலி. களத்தில் நின்றவர்கள் மருது சகோதரர்கள். அரசி போன வழியைக் காட்டிக் கொடுக்காமல் வெட்டுப்பட்டவள் என்று மக்கள் நினைவில் நிற்பவள் உடையாள். கொல்லங்குடியில் அவளை இன்றும் கும்பிடுகிறோம். ஆயுதக் கிடங்கில் தன்னையே தீயாக்கிக்கொண்டவள் குயிலி. இதில் எந்த ஒருவரை எடுத்துவிட்டாலும் 1780 இல்லை. ஒரே சமூகம் தனியாக நின்று சாதித்த கதையாக இதை மாற்றி எழுத எந்த நாடக ஆசிரியராலும் முடியாது. சீமை மீண்டதே கூட்டுறவால்.

மேடையில் சாதி என்ன பாடு படுத்தும் என்பதை நம் தெற்குச் சீமை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. முருகன் வேஷத்தில் தேசியப் பாட்டுப் பாடி வெள்ளையனை நடுங்க வைத்த விஸ்வநாத தாஸ், பல முறை சிறை போனவர். அவர் பிறந்த சமூகத்தைக் காரணம் சொல்லி அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். ஜனங்கள் அதைச் சட்டை செய்யவில்லை. அவர் குரலைக் கேட்க வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மயில் வாகனத்தில் முருகனாக அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. கலைஞர்களே தடுமாறிய இடத்தில் பார்வையாளர்கள் நேராக நின்றார்கள். நம் தாத்தாக்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

வரலாற்றுச் சண்டையும் வரும். குயிலியைப் பற்றி ஏட்டில் தேடுபவர்களுக்குக் கிடைப்பது குறைவு, நாவில் இருப்பது அதிகம். நாடகம் இரண்டையும் கலந்துதான் ஆக வேண்டும். பிடிக்காதவர் மறுநாள் டீக்கடையில் பேசலாம், கூட்டம் போட்டு மறுக்கலாம், எழுதலாம். அதெல்லாம் நாடகம் உயிரோடு இருப்பதன் அடையாளம். நடக்கும்போதே எழுந்து நிறுத்து என்று சொல்வது வேறு. அயர்லாந்தில் 1907 ஜனவரியில் அப்படி நடந்தது. ஜான் மில்லிங்டன் சிங் எழுதிய நாடகம் ஒன்று, அந்நாட்டின் மேற்குப் பகுதிக் கிராமத்தில் நடப்பது, டப்ளின் ஆபி தியேட்டரில் மேடையேறியது. எங்கள் கிராமத்து மக்களையும் பெண்களையும் இழிவுபடுத்திவிட்டார் என்று கூட்டம் கூச்சலிட்டது. அடுத்தடுத்த நாள்களிலும் ரகளை, போலீஸ் வந்தது. கவிஞர் யேட்ஸ் பொதுவிவாதம் ஒன்றைக் கூட்டி, எதிர்த்தவர்களையும் பேசவிட்டார். அந்த மக்களே பிற்பாடு அந்த நாடகத்தைத் தங்கள் நாட்டின் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். நமக்கு வேண்டியது அந்த விவாத மேடை. ரகளையைத் தவிர்த்துவிட்டு நேரே அங்கே போய்விடலாம்.

நாடகத்தைத் தடுக்க நம் மாநிலத்தில் சட்டமே இருந்தது. எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகம் எழுப்பிய கொந்தளிப்பின் பின்னணியில் 1954இல் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம், எழுத்துப் பிரதியை அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்கச் சொன்னது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதிகாரியின் கையிலிருந்து கத்தரி போய்விட்டது. அதை எடுத்து நம் ஊர்ப் பெரியவர்கள் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது.

சொந்த மண்ணின் கதைக்குச் சொந்த மக்கள் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சிறுகூடல்பட்டிக்காரரான கவிஞர் கண்ணதாசன், மருது சகோதரர்களின் கதையை ‘சிவகங்கைச் சீமை’ என்று 1959இல் படமாக எடுத்தார். அதே ஆண்டில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்தது. கட்டபொம்மன் கதை அதற்கு முன்பே சிவாஜி நாடக மன்றத்தின் மேடையில் ஊர் ஊராக நடந்து, வசனம் ஒவ்வொன்றும் மக்கள் காதில் பழகிப்போயிருந்தது. கண்ணதாசன் படத்துக்கு அந்த அடித்தளம் இல்லை. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயராயிற்று. சிவகங்கை பின்னால் நின்றது. நடிகரின் சாமர்த்தியம், பணம், விளம்பரம் என்று காரணங்கள் பல சொல்லலாம். ஆனால் மேடையில் வளர்ந்த கதைக்கு ஒரு பலம் உண்டு என்பதை மறுக்க முடியாது. காரைக்குடியில் ஏ.வி.எம். ஸ்டூடியோ இருந்தபோது உருவான ‘நாம் இருவர்’ படமும் ப. நீலகண்டனின் மேடை நாடகத்திலிருந்து வந்ததுதான். மேடை காய்ந்தால் பிறகு எதுவும் முளைக்காது.

ஓர் ஊரின் கதை அந்த ஊருக்கே நாடகமாக வந்ததற்கு ஓர் உதாரணம் உண்டு. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து தீவில் காண்டர் என்று ஒரு சின்ன ஊர். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வழி மூடப்பட்டபோது 38 விமானங்கள் அங்கே இறங்கின. ஏறக்குறைய 7,000 பயணிகளுக்கு அந்த ஊர்க்காரர்களும் அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும் சோறு போட்டு, பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துக் காப்பாற்றினார்கள். அந்தக் கதை ‘கம் ஃப்ரம் அவே’ என்ற இசை நாடகமானது. நியூயார்க் பிராட்வேக்குப் போவதற்கு முன்னால், 2016 அக்டோபரில் நாடகக்குழு காண்டருக்கே போய், ஐஸ் ஹாக்கி ஆடும் கூடத்தில் அதைப் பாடிக் காட்டியது. தங்களைப் பற்றிய நாடகத்தைத் தாங்களே பார்த்து அந்த மக்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது பிராட்வே மேடை ஏறியது. வேலு நாச்சியார் நாடகமும் பெருநகர அரங்குகளோடு நிற்காமல் காளையார்கோவிலிலும் சிவகங்கையிலும் காரைக்குடியிலும் நம் கண்டனூர், புதுவயல் பக்கமும் திடலில் நடக்க வேண்டும். பண்பாட்டுத் துறை அதிகாரிகள் இதைக் கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ளட்டும். விளக்குகளும் பின்திரைகளும் குறைந்தாலும் பரவாயில்லை.

நாடகம் வந்தால் எந்த நேரத்தில் நடத்துவது? 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் பதினைந்து நாள்களுக்கு மிகாமல், பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு விலக்குத் தரலாம். விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு இது இடிதான். கலைஞர்களின் வருத்தம் நியாயம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின், நோயில் கிடக்கும் முதியவர்களின் வருத்தமும் நியாயம். கூம்பு ஒலிபெருக்கியைத் தெருத்தெருவாகக் கட்டாமல் திடலுக்குள் மட்டும் பெட்டி ஒலிபெருக்கி வைத்தால் இரண்டு நியாயத்துக்கும் இடமுண்டு. புதிய நாடகம் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும். மாலை ஆறரைக்கு விளக்கேற்றினால் பத்துக்குள் திரை விழுந்துவிடும், பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் முழுதாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பழைய நாடகம் விடிய விடிய நடந்தால்தான் அழகு என்று சொல்பவர்கள் உண்டு. நாமும் அதில் மயங்கியவர்கள்தான். ஆனால் முன்வரிசையில் பிள்ளைகள் இல்லாத நாடகத்துக்கு அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்?

பணம் பெரிய தடையாகாது. நகரத்தார் புள்ளிவரி கொடுக்கிறார்கள். நாட்டார் ஊர்களில் தலைக்கட்டுவரி வசூலாகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சென்னையிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் கும்பாபிஷேகத்துக்கும் படைப்புக்கும் வரும்போது தாராளமாகவே கொடுக்கிறார்கள். வாணவேடிக்கைக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் போகும் தொகையில் ஒரு பங்கைப் புதிய நாடகம் எழுதச் சொல்லி முன்பணமாகக் கொடுக்கலாம். மதுரை, புதுக்கோட்டை நாடகக் கலைஞர்களிடம் போய், நம் பகுதிக் கதை ஒன்றைச் சங்கரதாஸ் சுவாமிகள் மெட்டமைப்பில் பாட்டும் தர்க்கமுமாகக் கட்டித் தாருங்கள், ஒத்திகைக்கும் சேர்த்துச் சம்பளம் தருகிறோம் என்று கேட்டால் அவர்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள். ஒத்திகைக்குச் சம்பளம் என்பது அவர்கள் காதுக்குப் புதிது. அந்த ஒன்றே நாடகத்தின் தரத்தை மாற்றும். வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்வதைப் போல, சரணடையச் சொல்லி வரும் நவாபின் தூதுவரும் அரசியும் நேருக்கு நேர் நின்று தர்க்கம் செய்வதை நினைத்துப் பாருங்கள். அதை எழுதத் தெரிந்த கைகள் இந்தச் சீமையில் இருக்கின்றன.

நாடகத்துக்கு ஒரு வாரம் முன்பு கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது பள்ளி ஆசிரியர்களின் பங்கு. பொறுமையாகக் கேட்கும் பழக்கம் பெரியவர்களுக்குப் புதிதல்ல. 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம், பட்டிமண்டபத்தைக் கேட்கும் கூட்டத்தை இந்த வட்டாரத்தில் வளர்த்தது. எதிரணி பேசும்போது வாய் மூடிக் கேட்டு, பேசி முடித்ததும் கைதட்டும் பழக்கம் அங்கே வந்தது. அதே கூட்டம்தான் நாடகத் திடலிலும் உட்காருகிறது. சமூகத் தலைவர்கள் நாடகத் தேதிக்கு முன்பே ஒரு முறை கூடி உட்கார்ந்து, எழுத்துப் பிரதியைத் திருத்தச் சொல்லாமல், திடலில் யார் எங்கே நின்று ஒழுங்கு பார்ப்பது என்பதை மட்டும் பிரித்துக்கொள்ளலாம். எல்லாத் தெருவிலிருந்தும் நாலு இளைஞர்கள் என்றால் போதும். கொடியும் கட்சித் துண்டும் திடலுக்கு வெளியே இருக்கட்டும்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன் கூடும் ஊர்க் கூட்டத்தில் வரி, பந்தல், அன்னதானம் பேசி முடித்ததும் நாடகத்தைக் கடைசியில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவது வழக்கம். இந்த ஆண்டு அதை முதலில் எடுத்துப் பேசுவோம்: என்ன கதை, யாருக்கு முன்பணம், எத்தனை மணிக்குத் தொடக்கம், வரும் பெண் கலைஞர்கள் தங்க எந்த வீடு, அன்பளிப்பை யார் எப்போது வாசிப்பது. ஐந்துக்கும் பதில் எழுதி, எல்லாத் தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகு ஏஜெண்டைக் கூப்பிடலாம்.